சாதாரண உடை போதும் என்கிற கப்பலில் இரவு உணவுக்கு எந்த அளவுக்கு உடுத்திச் செல்வது?

நீலவானம்:

அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் 7 இரவுகள் கொண்ட உல்லாசக் கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறோம். நான், மனைவி, 16 வயது மகன், என் மாமியார் என நால்வர் செல்கிறோம். நால்வருக்குமே இது முதல் கடற்பயணம். மாலை நேரங்களில் சாதாரண உடை போதும் என்றும், 2 இரவுகளில் மட்டும் விரும்புகிறவர்கள் சற்றுச் சிறப்பாக உடுத்திக்கொள்ளலாம் என்றும் நிறுவனத்தின் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். கோட்டும் டையும் இல்லாமல் போனால் மற்றவர்கள் நடுவில் குறைவாகத் தெரிவோம் என்பது மனைவியின் எண்ணம். விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ பெட்டிதான் என்பதால், இரண்டு இரவுகளுக்காகக் கோட்டைச் சுமப்பது வீண் என்பது என் எண்ணம். மகன் அரைக்கால் சட்டையை விட்டு நகர மறுக்கிறான். மாமியாருக்கோ நன்றாக உடுத்திக்கொண்டு உணவுக்குச் செல்வதே பயணத்தின் பெரிய மகிழ்ச்சியாக இருக்கும் என்று தோன்றுகிறது. குறைவாக உடுத்திச் சென்றால் வாசலில் நிறுத்துவார்களா, கூடுதலாக உடுத்திச் சென்றால் நாங்கள் மட்டும் தனித்துத் தெரிவோமா என்பவையே என் முதன்மையான கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தென்றல்வழி:

விடுமுறைக்குத்தானே செல்கிறீர்கள்? ஆண்டு முழுவதும் அலுவலகத்துக்காக இறுக்கமாக உடுத்துகிறவர், ஓய்வெடுக்கப் போகும் இடத்திலும் அதையே செய்ய வேண்டியதில்லை. விருப்பம் இருந்தால் என்று நிறுவனமே எழுதியிருக்கும்போது, அந்த விருப்பம் இல்லாதவர் கவலைப்படக் காரணமே இல்லை. சுத்தமான சட்டை, முழுக்கால் பேண்ட், கால்களை மூடும் செருப்பு ஆகியவற்றுடன் நான் எந்தக் கப்பலிலும் வசதியாக உணவருந்தியிருக்கிறேன். கோட்டை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

நங்கூரம்:

நீலவானம் அவர்களுக்கு வணக்கம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் துல்லியமாகப் பதில் எழுதலாம். இருந்தாலும் நீங்கள் தந்த குறிப்பிலிருந்தே பெரும்பகுதியை ஊகிக்க முடிகிறது. தென்றல்வழி அவர்களின் முடிவோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எந்தக் கப்பலிலும் என்று அவர் எழுதியதை ஏற்க இயலாது, ஏனென்றால் இந்த விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் நிலைமை வெகுவாக மாறுகிறது.

குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் மாலை 6 மணிக்கு மேல் பெரும்பாலான பொது இடங்களுக்கே உடை ஒழுங்கு உண்டு. அங்கே காலா எனப்படும் சிறப்பு மாலைகளில் ஆண்கள் டக்ஸீடோ எனும் விருந்துக் கோட்டு அல்லது கருநிற சூட்டிலும், பெண்கள் நீண்ட கவுன் போன்ற உடைகளிலும் வருவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அவ்வாறு உடுத்த விரும்பாதவர்கள் பஃபே உணவகம் போன்ற சில இடங்களில் மாலையைக் கழிக்கலாம். இதற்கு நேர் எதிரே வர்ஜின் வாயேஜஸ் இருக்கிறது. அங்கே உடை ஒழுங்கு என்று எதுவும் கிடையாது. ஓர் இரவில் மட்டும் சிவப்பு நிறத்தில் ஏதாவது அணிந்து வருமாறு அழைக்கிறார்கள், அதுவும் கட்டாயமில்லை. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த இரண்டுக்கும் இடையில் உள்ளன. நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஃப்ரீஸ்டைல் என்ற முறையைக் கொண்டுவந்து, குறித்த நேரத்தில் குறித்த மேசையில் முறைசார்ந்த உடையோடு அமர்ந்தாக வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டைக் கைவிட்டது. செலிபிரிட்டி 2015இன் இறுதியில் ஃபார்மல் இரவுகளை எடுத்துவிட்டு, கோட்டு அணிவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. கார்னிவல் கப்பல்களில் பொதுவாக 5 நாள் வரையிலான பயணத்தில் ஓர் இரவும், அதைவிட நீண்ட ஒரு வாரப் பயணத்தில் 2 இரவுகளும் எலிகண்ட், அதாவது சிறப்பாக உடுத்தும் இரவுகளாக அமைகின்றன. மற்ற இரவுகளில் நேர்த்தியான அரைக்கால் சட்டைகூட அங்கே ஏற்கப்படுகிறது. நீங்கள் குறிப்பிட்ட 7 இரவு, 2 சிறப்பு இரவு என்ற கணக்கைப் பார்த்தால், உங்கள் கப்பலும் இந்த இடைப்பட்ட வகையைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

இத்தகைய கப்பல்களில் நிறுவனம் விதிப்பதெல்லாம் கீழ் எல்லையை மட்டுமே. நீச்சல் உடை, ஆண்களுக்கான கையில்லாத பனியன், உடற்பயிற்சிக்கான அரைக்கால் சட்டை, விளையாட்டுத் தொப்பி, கிழித்துவிட்ட ஜீன்ஸ் போன்றவைதான் பிரதான உணவகத்தில் மறுக்கப்படுகின்றன. அந்த எல்லைக்கு மேலே எவ்வளவு உயரமாக உடுத்தினாலும் எவரும் தடுப்பதில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில், காலர் வைத்த சட்டையும் முழுக்கால் பேண்டும் அணிந்த ஒருவரை இந்த வகைக் கப்பலின் பிரதான உணவகத்தில் சாதாரண இரவுகளில் நிறுத்த மாட்டார்கள் என்பதுதான். சிறப்பு இரவுகளிலும் அநேகமாக நிறுத்த மாட்டார்கள். இரண்டாவது கேள்விக்கான பதில், சிறப்பு இரவில் கோட்டும் டையுமாக வருகிறவர்கள் உங்களோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பது. சாதாரண இரவில் டையோடு வந்தால் மட்டுமே சற்றுத் தனித்துத் தெரிவீர்கள். அதுவும் சில நிமிடங்களில் மறந்துபோகும்.

எந்த மாலைக்கு எந்த உடை என்று முடிவு செய்யப் பயண அட்டவணையையும் பாருங்கள். முதல் இரவு ஏறக்குறைய எங்கும் சாதாரண இரவாகவே இருக்கும். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டிகள் உணவு நேரத்துக்குள் எல்லா அறைகளுக்கும் வந்து சேர்வது உறுதியில்லை என்பதே அதற்குக் காரணம். கடைசி இரவும் அப்படித்தான், ஏனெனில் மறுநாள் காலை இறங்குவதற்காகப் பெட்டிகளை அன்றிரவே கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். கரையில் நிற்காமல் முழுநாளும் கடலில் செல்லும் நாள்களில்தான் வழக்கமாகச் சிறப்பு இரவுகள் வைக்கப்படும், ஏனென்றால் அன்று எல்லோருக்கும் குளித்து உடுத்திக்கொள்ள நேரம் இருக்கும். கரைச் சுற்றுலாவை முடித்துவிட்டு மாலை 5 மணிக்கு வியர்வையோடு கப்பலுக்குத் திரும்புகிற நாளில், 6 மணி உணவுக்கு எவரும் கோட்டுப் போட விரும்பமாட்டார் என்பது நிறுவனத்துக்கும் தெரியும்.

என் பரிந்துரையைச் சொல்கிறேன். நீங்கள் ஒரு கரும் பேண்ட், வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று, வேறு இரு காலர் சட்டைகள், ஒரு தோல் ஷூ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு வேண்டுமென்றால் அதைப் பெட்டியில் வைக்காமல் விமானத்தில் அணிந்து செல்லுங்கள். எடைக் கணக்கிலும் சேராது, கசங்கவும் செய்யாது. அந்த ஒரே கோட்டு இரண்டு சிறப்பு இரவுகளுக்கும் தாராளமாகப் போதும், ஏனெனில் மேசையில் இருப்பவர்கள் உங்கள் கோட்டை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. டை வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் மனைவிக்கு அது முக்கியமாகத் தோன்றினால் அவர் மனநிறைவுக்காக ஒன்றை எடுத்துச் செல்லலாம். அதனால் பெட்டியின் எடை கூடிவிடாது.

மாலைக்காற்று:

நங்கூரம் அவர்கள் ஆண்களின் உடையைப் பற்றி நன்றாக எழுதிவிட்டார். பெண்களின் நிலை சற்று வேறுபட்டது. பேண்டும் சட்டையும் என்று முடித்துவிடும் வசதி எங்களுக்கு இல்லை. குறிப்புகளிலும் பெண்களுக்கான பகுதி எப்போதும் தெளிவற்றே இருக்கும்.

உங்கள் மனைவியும் மாமியாரும் முதலில் கவனிக்க வேண்டியது குளிரை. பிரதான உணவகத்தில் குளிரூட்டி மிகக் கடுமையாக இயங்கும். தோள் தெரியும் மெல்லிய மேலாடையில் வந்த பெண்கள் முதல் பரிமாறலுக்குள்ளாகவே கணவரின் கோட்டைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, இரு கைகளாலும் அதைப் பிடித்தபடி உணவருந்துவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். அடர்ந்த நிறத்தில் நல்ல சால்வை ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதே சால்வை, பகலில் அணிந்த எளிய கருநிற உடையையும் மாலைக்குரியதாக்கிவிடும். சாதாரண இரவுகளில் நான் உடையை மாற்றாமல் சால்வையும் காதணியும் மட்டும் மாற்றிக்கொண்டு செல்வதுண்டு.

அடுத்தது காலணி. உயர்ந்த, மெல்லிய குதிகால் வைத்த காலணிகளைத் தயவுசெய்து தவிர்க்கச் சொல்லுங்கள், மாமியாருக்குக் குறிப்பாக. உணவகம் கப்பலின் பின்பகுதியில் இருந்தால் அசைவை அங்கே கூடுதலாக உணர்வீர்கள்; காற்று வலுத்த மாலையில் தட்டையான காலணியோடு நடப்பதற்கே மேசைகளின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தட்டையாகவோ அகன்ற குதிகாலோடோ உள்ள காலணி ஒன்று எல்லா இரவுகளுக்கும் போதும். நீண்ட உடையாக இருந்தால் அதன் விளிம்பு தரையில் புரளாதபடி பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

இஸ்திரிப் பெட்டியையும் ஆவியால் சுருக்கம் நீக்கும் கருவியையும் எடுத்துச் செல்லாதீர்கள். தீ விபத்துக்கு அஞ்சி, கப்பலில் ஏறும்போதே அவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறைகள் உண்டு. பல கப்பல்களில் அவை இல்லை. ஆகவே கசங்காத துணியாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கசங்கிப்போனால், குளியலறைக் கதவை மூடி, வெந்நீரைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, துணியை நீர் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். செயற்கை இழைத் துணியானால் பெரும்பாலான சுருக்கங்கள் போய்விடும். தூய பருத்தியானால் அவ்வளவாகப் போகாது.

மாமியார் ஒவ்வோர் இரவும் நன்றாக உடுத்த விரும்பினால், அந்த விருப்பத்தை இடத்துக்குப் பொருந்தாதது என்று சொல்லிக் குறைத்துவிடாதீர்கள். சாதாரணக் கப்பலிலும் அப்படி உடுத்தி வரும் வயது முதிர்ந்த பெண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைப் பார்ப்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

முதல்மணி:

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் மிகவும் தளர்த்திப் பேசுவதாகத் தோன்றுவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். சிறப்பு இரவு என்று ஒன்றை நிறுவனம் அறிவிக்கும்போது, அந்த மாலையை எதிர்பார்த்துப் பலர் மாதக்கணக்கில் திட்டமிட்டு உடை எடுத்து வருகிறார்கள். திருமண நாளைக் கொண்டாடவோ பெற்றோரை மகிழ்விக்கவோ வந்த ஒரு குடும்பம் முழுமையாக உடுத்தி அமர்ந்திருக்க, பக்கத்து மேசையில் ஒருவர் கசங்கிய டி-ஷர்ட்டில் வந்து அமர்ந்தால், அந்த மாலையின் தன்மையே அவர்களுக்குக் கெட்டுப்போகிறது. உணவகம் எல்லோருக்கும் பொதுவான இடம். அங்கே ஒருவர் உடுத்துவது மற்றவர்களின் மாலையையும் தொடுகிறது. உடுத்த விருப்பமில்லாதவர்களுக்குப் பஃபே திறந்தே இருக்கிறது; அறைக்கே உணவை வரவழைக்கும் வசதியும் பெரும்பாலான கப்பல்களில் உண்டு. ஆகவே 2 இரவுகளிலும் கோட்டு அணிய வேண்டும், இயலாதென்றால் அந்த இரவுகளில் வேறிடத்தில் உணவருந்த வேண்டும் என்பதே என் உறுதியான நிலைப்பாடு.

தென்றல்வழி:

கசங்கிய டி-ஷர்ட்டைப் பற்றி இங்கே எவரும் பேசவில்லை. சுத்தமான காலர் சட்டையோடு ஒருவர் அமர்ந்திருப்பதால் அடுத்த மேசைக்காரரின் திருமண நாள் எப்படிக் கெடும் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த உணவகத்துக்கான கட்டணத்தை எல்லோரும்தான் செலுத்தியிருக்கிறோம்.

நங்கூரம்:

முதல்மணி அவர்கள் சொல்வதில் நான் மதிக்கும் ஒன்று இருக்கிறது. மற்றவர்களின் மாலையையும் எண்ணிப் பார்த்து உடுத்துவது நல்ல பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் கேட்கும் அளவு, குனார்ட் போன்ற கப்பலுக்கே பொருந்தும். அங்கே உடை ஒழுங்கை முன்கூட்டியே தெளிவாக அறிவித்து, அதை விரும்பியே பயணிகள் வருகிறார்கள். அத்தகைய கப்பலில் காலா மாலையன்று சாதாரண உடையோடு பிரதான உணவகத்துக்கு வருவதை நானும் தவறு என்பேன். நீலவானம் அவர்களின் கப்பலோ விரும்பினால் என்று சொல்லித்தான் பயணச்சீட்டை விற்றிருக்கிறது. அந்த உறுதியை நம்பிப் பெட்டி கட்டியவரிடம் கோட்டு இல்லாவிட்டால் பஃபேக்குப் போகும்படி சக பயணிகள் சொல்வது நியாயமாகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைகளோடு வருகிற குடும்பங்களும், பல விமானங்கள் மாறி வருகிறவர்களும், கப்பலுக்குப் பிறகு வேறு பயணத்தைத் தொடர்கிறவர்களும் கோட்டைச் சுமக்க இயலாதவர்கள். இவர்களைச் சிறப்பு இரவுகளில் உணவகத்திலிருந்து விலக்கினால், மேசைகளில் பாதி வெறுமையாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கடந்த 25 ஆண்டுகளில் பல நிறுவனங்கள் ஒழுங்கைத் தளர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே நான் சொல்லும் அளவு இதுதான்: சிறப்பு இரவில், அவரவர் தம் பெட்டியில் உள்ளவற்றில் மிகச் சிறந்ததை, துவைத்துத் தேய்த்ததை அணிந்து வரட்டும். கரும் பேண்டும் முழுக்கைச் சட்டையும் மூடிய ஷூவும் அணிந்தவர், கோட்டு அணிந்தவரின் பக்கத்தில் அமர்ந்தால் எவருடைய மாலையும் குலையாது.

முதல்மணி:

கரும் பேண்டு, முழுக்கைச் சட்டை என்ற அளவை ஏற்றுக்கொள்கிறேன். அதற்குக் கீழே இறங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். உண்மையில் அந்த அளவையாவது எல்லோரும் கடைப்பிடித்தால் இந்த விவாதத்துக்கே இடம் இருக்காது.

கலங்கரை:

கப்பல் உணவகம் ஒன்றில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில், வாசலில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். அங்கே நிற்கும் தலைமைப் பணியாளர் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் முதலில் பார்ப்பார். நீச்சல் குளத்தின் ஈரத்தோடு ரப்பர் செருப்பில் வருகிறாரா, அரைக்கால் சட்டை எத்தகையது, இவ்வளவுதான் அந்தப் பார்வை. சட்டையில் டை இருக்கிறதா என்று நாங்கள் தேடியதே இல்லை. ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால், குடும்பத்தார் காதில் விழாதபடி ஓரமாக அழைத்து, அறைக்குச் சென்று மாற்றி வரும்வரை மேசை காத்திருக்கும் என்று சொல்வதே எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முறை. விமானத்தில் பெட்டி தொலைந்து மாற்றுடை இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் வாசலுக்கு வருவதற்கு முன்பே பயணிகள் சேவை மையத்தில் சொல்லிவிடுங்கள். கடனாகக் கோட்டுத் தரும் கப்பல்களும் உண்டு. பெட்டி வந்து சேராத ஒருவரை உடையைக் காரணம் காட்டிப் பட்டினி போடும் உணவகத்தை நான் கண்டதில்லை.

நீலவானம் அவர்களின் மகனைப் பற்றி எவரும் எழுதவில்லை. 16 வயதுப் பையன்கள் கோட்டுப் போட மறுப்பது மிக இயல்பு. ஆனால் அரைக்கால் சட்டை மட்டும் எடுத்து வந்தவர்கள், தனிக்கட்டணம் உள்ள சிறிய உணவகங்களில் குடும்பத்தோடு அமர முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒழுங்கு பெரும்பாலும் பிரதான உணவகத்தைவிட ஒரு படி கூடுதலாக, பயணம் முழுவதும் ஒரே மாதிரியாக இருக்கும். எனவே அவருக்கு ஒரு முழுக்கால் பேண்டும் 2 காலர் சட்டைகளும் கட்டாயம் வேண்டும். ஜீன்ஸாக இருந்தாலும் கருநீலத்தில், கிழிசல் இல்லாமல் இருந்தால் பெரும்பாலான இடங்களில் ஏற்பார்கள்.

நீலவானம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. இங்கே வந்த பதில்களை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கோட்டை நான் விமானத்தில் அணிந்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. டை விஷயத்தில் மனைவியின் சொல்லே வென்றது. அவர் கரும்பச்சை நிறத்தில் ஒரு நீண்ட உடையையும் சால்வையையும் எடுத்து வைத்துவிட்டார். மாமியார் தம் உயரக் குதிகால் காலணியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததோடு, மாலைக்காற்று அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மகன் கருநீல ஜீன்ஸுக்கும் ஒரு பேண்டுக்கும் சம்மதித்திருக்கிறான், ஆனால் தோல் ஷூவுக்கு இன்னும் இணங்கவில்லை. அவனிடம் இருப்பது ஓட்டப் பயிற்சிக்கான வெள்ளை ஷூ மட்டுமே. எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 8 பேர் மேசை என்பதால், அறிமுகமில்லாத நால்வரோடு அமர வேண்டியிருக்கும். அதனால்தான் அந்த ஷூ போதுமா என்பதையும் கேட்கிறேன்.

கலங்கரை:

எழுத்தோ பளிச்சிடும் பட்டையோ இல்லாத, முழுக்க ஒரே கருநிறத்தில் உள்ள கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். கரும் பேண்டுக்கு அது பொருந்திவிடும். கரையில் சுற்றும்போதும் அதையே அணியலாம். வெள்ளை ஓட்ட ஷூவைச் சாதாரண இரவுகளில் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நங்கூரம்:

8 பேர் மேசையில் ஒன்று செய்யலாம். முதல் இரவு எல்லோரும் எப்படியும் சாதாரணமாகத்தான் வருவார்கள். சிறப்பு இரவுக்கு அவர்கள் எப்படி உடுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கே பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். அவர்களும் அதே கேள்வியோடுதான் வந்திருப்பார்கள். சிறப்பு இரவு எது என்பது, அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சி நிரலிலோ நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியிலோ இருக்கும். வானிலையால் துறைமுகம் மாறினால் அந்த இரவும் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.